கேள்வி நேரம்: வளர்ந்த பிறகும் மதியிறுக்கம் (ஆட்டிசம்) தெரியவருமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. வேலையில் கெட்டிக்காரர். தீபாவளிக்கு உறவினர்கள் வந்தால் அரை மணி நேரத்தில் அறைக்குள் போய்விடுவார். மகனுக்கு மதியிறுக்கம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, இவருக்கும் இருக்குமோ என்று தோன்றுகிறது. - வாசகி, யீஷூன்

பதில்: தோன்றுவதில் நியாயம் இருக்கிறது, மரபுவழித் தொடர்பு வலுவானது. ஆனால் கூட்டத்தை விட்டு விலகுவது மட்டும் அடையாளமல்ல. கூச்சத்திலும் பதற்றத்திலும் அது வரும். ஏன் விலகுகிறார் என்று பாருங்கள். பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயமா, அல்லது சத்தமும் ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவதும் தாங்கவில்லையா? உணவங்காடியில் தட்டுகள் மோதும் ஓசைக்குக் காதைப் பொத்துவது, சட்டை லேபிளை வெட்டி எறிவது, வழக்கமான பேருந்து மாறினால் நாள் முழுக்கக் குலைந்துபோவது, மறைபொருளாகச் சொன்னதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது - இவை போன்ற பல சேர்ந்து, சிறுவயதிலிருந்தே இருக்க வேண்டும். பலர் பிறரைப் பார்த்துப் பழகி இவற்றை மறைத்துவிடுவார்கள். வீடு திரும்பியதும் களைத்து விழுவார்கள்.

மதியிறுக்க அறிகுறிகளைக் கேட்கும் ஏகியூ-10 (AQ-10) என்ற 10 கேள்விப் பட்டியலில் 6 மதிப்பெண் அல்லது அதற்கு மேல் வந்தால் நிபுணரைப் பார்ப்பது நல்லது. அதுவே நோயறிதல் ஆகாது.

அவர் விரும்பினால் மட்டும் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். பழைய பள்ளி அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள். அவருடைய அம்மா உடன் வந்தால் இன்னும் நல்லது. மூன்று, நான்கு வயதில் எப்படி இருந்தார் என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார்.