குற்றாலச் சாரலுக்குக் கிளம்புவது போல

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, என் வீட்டுக்காரருக்கு ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோவில் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் நாலு வயது மகனோடு கிளம்புகிறோம். அங்கே எப்போது பார்த்தாலும் மழை என்கிறார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா?"

தங்கச்சி, நான் அங்கே போய்ப் பதிமூன்று வருஷம் ஆகிறது. இப்போது ஜூலை விடுமுறைக்குத் தென்காசியில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். வெளியே சாரல். காலையிலிருந்து வேன் வேனாக ஆட்கள் குற்றாலம் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சாரல் நிற்கட்டும், அப்புறம் போகலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை, சாரலுக்காகத்தானே போகிறார்கள்! உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இதுதான்.

கிளாஸ்கோவில் வருஷத்துக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் ஏறக்குறைய 170 நாட்களில் பிரித்துப் பிரித்துப் பெய்யும். நம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மாதிரி கொட்டித் தீர்ப்பது குறைவு. பல நாள் வெறும் தூறல்தான். பொடித் தூறலுக்கு 'ஸ்மிர்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் சாரல்தான் அது, கூடவே குளிர். அந்தக் குளிருக்கு உடுப்பு சரியாக இருந்தால் போதும்.

இது தெரியாமல் முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தேன். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும். மழை விட்டதும் போகலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், இருட்டிவிடும். பிள்ளைக்குத் தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்று வேறு பயம். ஜனவரியில் மகளை நர்சரியில் சேர்த்தேன். முதல் நாள் கூட்டிவரப் போனால், அத்தனை தூறலிலும் பிள்ளைகள் எல்லாம் வெளியே சேற்றில் விளையாடுகிறார்கள். "மழையில் விடுவீர்களா?" என்று கேட்டேன். அந்த ஆசிரியைக்கு என் கேள்வியே புரியவில்லை. "நாளைக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்தனுப்புங்கள்" என்றார். மகள் கன்னமெல்லாம் சிவந்து, தலைமுடி நனைந்து, அந்த ஊருக்குப் போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தபடி ஓடி வந்தாள். அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். சுரங்க ரயிலில் ஹில்ஹெட் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் போதும், அனுமதி இலவசம். உள்ளே கிபிள் பேலஸ் என்று இரும்பும் கண்ணாடியுமாக ஒரு பெரிய குவிமாட வீடு. ஜான் கிபிள் என்பவர் கடலோரத்தில் தன் வீட்டை ஒட்டிக் கட்டியதை, 1873இல் கழற்றிப் படகில் ஏற்றி கிளைடு ஆறு வழியாகக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். உள்ளே ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துப் பெரணிகள் மரம் மரமாக நிற்கின்றன. அவற்றில் சில, நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கேயே வளர்ந்தவை. குட்டி யானை தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்ட மாதிரி, பழுப்பு மயிரோடு ஒரு புதுக்குருத்து என் மகள் உயரத்தில் இருந்தது. தொடாமல் மூக்கை மட்டும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றாள். தலைக்கு மேலே கண்ணாடியில் மழை விழுகிற சத்தம். பக்கத்தில் வெப்பமண்டலச் செடிகள் இருக்கும் கண்ணாடி வீட்டுக் கதவைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை, ஈர மண் வாசனை மட்டும் வந்தது. ஐந்தருவிக்கு ஏறுகிற பாதையில் வருமே, அதே வாசனை. ஊர் நினைப்பு முட்டுகிற நாட்களில் இன்றைக்கும் அங்கேதான் போகிறேன்.

அங்கிருந்து கெல்வின் ஆற்றங்கரையோடு நடந்தால் கெல்வின்குரோவ் பூங்கா வரும். மழை வலுத்தால் அதை ஒட்டியுள்ள அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துகொள்ளலாம், அதுவும் இலவசம். பாடம் செய்து நிறுத்திய ஒரு யானை இருக்கிறது, உங்கள் மகன் அங்கிருந்து நகர மாட்டான். போலக் பூங்காவில் நீளக் கொம்பும் கண்ணை மூடுகிற முடியுமாக மலைநாட்டு மாடுகள் மேயும். கிளாஸ்கோ கிரீனில் ஆற்றோரம் துணி காயப்போட நட்ட கம்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பெண்கள் துணி வெளுத்து உலர்த்திய இடம். குறுக்குத்துறைப் படித்துறையில் குளித்து வளர்ந்த எனக்கு அந்தக் கம்பங்களைப் பார்த்தால் சொந்த ஊர் போலவே இருக்கும். நகரத்தில் 90க்கும் மேற்பட்ட பூங்காக்கள் உண்டு, எந்தத் தெருவில் வீடு எடுத்தாலும் நடக்கிற தூரத்தில் ஒன்று இருக்கும். புல் மேலேயே நடக்கலாம், உட்காரலாம். நாயை அவிழ்த்துவிடுவார்கள், பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

குடையை நம்பாதீர்கள், காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பையனுக்குக் கழுத்திலிருந்து கால் வரை ஒரே உடுப்பாக வரும் மழை உடை, இவ்வளவும் அங்கே போய் வாங்குங்கள். இங்கே வாங்குவது அந்தக் குளிருக்குத் தாங்காது. ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது, பூங்காவுக்கு அது வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியை மாற்றித் தலையைத் துவட்டிவிட்டால் போதும், தூறலால் மட்டும் பிள்ளைக்குச் சளி வந்துவிடாது. குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அங்குள்ள அரசு. நம் நிறத்துக்காரர்கள் வருஷம் முழுக்கவே எடுக்க யோசிக்கச் சொல்கிறார்கள். மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போனவுடனே நர்சரிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 1,140 மணி நேரம் அரசு செலவிலேயே கிடைக்கும். பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் நீங்கள் வருவதற்கு முன்னாலேயே நான் அங்கே திரும்பியிருப்பேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு வருகிறேன். மழை பெய்தாலும் சரி, பத்தரை மணிக்கு ஹில்ஹெட் நிலைய வாசலில் நிற்பேன்.