ரோடு வந்தது ஒரு வருஷம், பஸ் வந்தது வேறொரு வருஷம்

“கிராமத்துக்குத் தார் ரோடு வந்தால் அங்கே இருக்கும் பெண்களுக்கு வேலையும் வருமானமும் கூடுமா, இல்லை அதெல்லாம் ஏட்டில் எழுதுகிற கதைதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் ஊரில் இப்போதுதான் ரோடு போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பஞ்சாயத்தில் யாரோ “ரோடுதான் போட்டாச்சே, இன்னும் என்ன வேணும்?” என்று கேட்டிருப்பார், உங்களுக்குச் சட்டென்று பதில் வந்திருக்காது. அப்படி இல்லை என்றாலும் பரவாயில்லை. இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு சும்மா கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

என் பதில்: கூடும். ஆனால் ரோடு போட்ட உடனே கூடாது. வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரத்துக்கு அந்த ரோட்டில் ஒரு வண்டி வர ஆரம்பித்த பிறகு கூடும். ரெண்டுக்கும் நடுவில் எத்தனை வருஷம் போகிறதோ, அத்தனை வருஷத்துப் பெண்களுக்கு அந்த ரோடு வெறும் தார்தான்.

நான் இப்போது திருவொற்றியூரில் இருக்கிறேன். கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். பிறந்த ஊர் பெரியபாளையம் – ஊத்துக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சவுக்குத் தோப்பு ஓரமாக மூன்று கிலோமீட்டர் மண் ரோடு. மழைக்காலத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆந்திரப் பக்கம் பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் ஆரணியாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் முழுகிவிடும். அந்த நாட்களில் பிரசவ வலி எடுத்தாலும் ஊருக்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் அம்மா மல்லிகை மொட்டு பறிப்பாள். விடிவதற்கு முன்னால் பறித்து, வெயில் ஏறுவதற்குள் பூக்கடைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. நேரம் ஆக ஆக மொட்டு விரிந்துவிடும், விலை இறங்கும். மூன்று கிலோமீட்டர் நடந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, செங்குன்றம் போய்ச் சேர்வதற்குள் பாதி விலை போய்விடும். அதனால் மொபெட்டில் ஒரு வியாபாரி வருவார். அவர் சொன்னதுதான் விலை. அன்றைக்கு வெளியில் என்ன விலை போகிறது என்று அம்மாவுக்குத் தெரிய வழியே இல்லை. வாரக் கடைசியில் கணக்கு பார்த்து அப்பா கையில் பணம் கொடுப்பார். பறித்தவள் அம்மா, பணத்தைக் கண்ணால் பார்த்தவர் அப்பா. அப்பா நல்லவர்தான், குடிப்பழக்கம் கிடையாது, அதைச் சொல்லிவிடுகிறேன். வியாபாரி வீட்டுக்கு வந்து கொடுக்கிற பணம் ஆம்பளை கையில்தான் போகும் என்பது அப்போதைய நடைமுறை.

நான் பிளஸ் டூ முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. தைத்து வருகிற சட்டையில் நூல் பிரிந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, அளவு சரியா என்று பார்க்கும் வேலை. எனக்குக் கண் கூர்மை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே லைனில் என்னிடம்தான் கஷ்டமான பீஸைக் கொடுப்பார்கள். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

காலையில் போவதில் பிரச்சினை இல்லை. இருட்டோடு கிளம்பினாலும் பால் எடுத்துப் போகிறவர்கள், பூப்பறிக்கப் போகிறவர்கள் என்று வழியில் ஆள் நடமாட்டம் இருக்கும். சாயங்காலம்தான் பிரச்சினை. சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் ஓ.டி. (ஓவர்டைம்) கட்டாயம். அதை முடித்துவிட்டு அம்பத்தூரிலிருந்து செங்குன்றம், அங்கிருந்து ஊத்துக்கோட்டை பஸ் என்று மாறி நான் இறங்கும்போது ராத்திரி பத்து மணி ஆகியிருக்கும். அப்பா டார்ச்சும் சைக்கிளுமாக ரோட்டோரம் நிற்பார். விவசாயத்துக்கு விடுகிற த்ரீ பேஸ் கரண்ட் பல நாள் ராத்திரியில்தான் வரும். அந்த நேரத்தில் மோட்டார் போட்டு தண்ணீர் பாய்ச்ச வேண்டிய மனுஷன் எனக்காக அங்கே நிற்பார். பயிர் காய்ந்தது. ஊரில் பேச்சும் கிளம்பியது. எந்த மாதிரிப் பேச்சு என்று கிராமத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் சூப்பர்வைசர் ஒருநாள், “ஓ.டி. பார்க்க முடியாதவங்க வேற இடம் பார்த்துக்கலாம்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் நின்றுவிட்டேன். என்னோடு சேர்ந்த செங்குன்றத்துப் பெண்ணுக்கு வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். அவள் நிலைத்து நின்று, பிறகு லைன் சூப்பர்வைசராகவே ஆனாள். அவளிடம் எனக்குப் பொறாமை கிடையாது. ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் திறமையில் இல்லை, இன்றைக்கும் அதை உறுதியாகச் சொல்வேன். “பொண்ணுங்களே கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுடறாங்க, அவங்களுக்கே இஷ்டம் இல்லை” என்று இங்கே சிலர் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் விட்டது கல்யாணத்துக்கு முன்னால், கடைசி பஸ்ஸால்.

நான் திருவொற்றியூருக்கு வந்த பிறகுதான் எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்தது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேல் இருக்கிற குடியிருப்புகளுக்கு எல்லாக் காலத்திலும் வண்டி போகிற மாதிரி சாலை என்பது அதன் அடிப்படை. ரோடு வந்ததும் முதலில் மாறியது ஆண்கள் வாழ்க்கை. வீட்டுக்கு வீடு பைக் வந்தது. பையன்கள் கும்மிடிப்பூண்டிக்கும் செங்குன்றத்துக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். சவுடு மண் லாரிகளும் வந்தன. பெண்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் தொடங்கிய பிறகு அது வீட்டு வாசல் வரை வர முடிந்தது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வேலை என்று பார்த்தால் பெண்கள் அப்போதும் பூவும் களையெடுப்பும்தான். பைக்கை எடுத்துக்கொண்டு மகனோ புருஷனோ போய்விட்ட பிறகு அந்தப் புது ரோட்டில் அவர்கள் நடந்தார்கள், அவ்வளவுதான்.

பஸ் கேட்டு மனு கொடுத்தால் ‘திரும்ப இடம் இல்லை, மரக்கிளை இடிக்கும், கலெக்‌ஷன் தேறாது’ என்று பதில். கடைசியில் ஊர்க்காரர்களே கோயில் பக்கத்துப் புறம்போக்கில் முள்ளை வெட்டி பஸ் திரும்ப இடம் ஒதுக்கினார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பஸ் வந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவும் ஈரத்துணி போட்டு மூடிய கூடையோடு முதல் பஸ்ஸில் ஏறினார்கள். செங்குன்றத்தில் விலை கேட்டு, பேரம் பேசி விற்றார்கள். பணம் முதல் முறையாக அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது. அன்றைக்கு எனக்கு போன் பண்ணி, விலை எவ்வளவு என்பதைத்தான் முதலில் சொன்னாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதெல்லாம் அப்புறம்தான்.

அடுத்தது என் தங்கச்சி. ஶ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி பஸ் எங்கள் ஊர் ரேஷன் கடை வரைக்கும் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ஷிப்ட் முடிந்ததும் அதே இடத்தில் விட்டுவிட்டுப் போகும். அப்பா அப்போதும், “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ராத்திரி வேலை?” என்றுதான் கேட்டார். அவர் மனசு மாறவில்லை, ஊர்ப் பேச்சும் மாறவில்லை. ஆனால் டார்ச் எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லாததால் ‘போகாதே’ என்று சொல்ல அவரிடம் காரணம் இல்லாமல் போயிற்று. ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே படிப்பு. நான் விட்ட இடத்தில் அவள் நின்றாள். மத்திய அரசின் 2019-20 தொழிலக ஆய்வின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோமே, அந்தக் கணக்குக்குப் பின்னால் இந்த மாதிரி ஊருக்குள் வந்து போகிற பஸ்களும் இருக்கின்றன.

என் குடும்பக் கதையை வைத்துப் பொதுவாகப் பேசுகிறேன் என்று யாராவது சொல்லலாம். சரி. என் மகள் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள், அவள் எனக்கு இரண்டு ஆய்வுகளை விளக்கிச் சொன்னாள். ஒன்று, சாம் ஆஷர், பால் நோவோசாத் இருவரும் இந்தச் சாலைத் திட்டத்தை வைத்தே செய்து 2020-ல் வெளியிட்டது. சாலை வந்ததால் ஊர் வருமானமோ விளைச்சலோ பெரிதாக உயரவில்லை, விவசாயத்தை விட்டு வெளி வேலைக்குப் போவதுதான் கூடியது என்பது அதன் முடிவு. இன்னொன்று, சோனால்டே தேசாயும் சக ஆய்வாளர்களும் பெண்கள் வேலையைப் பற்றிச் செய்தது. சாலையோடு அடிக்கடி பஸ்ஸும் வருகிற ஊர்களில் பெண்கள் விவசாயம் அல்லாத வேலைக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது, சாலையால் வருகிற கூடுதல் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்று அதில் வருகிறது. பெண்களைக் கட்டுப்படுத்தும் பழக்கம் குறைவாக இருக்கிற இடங்களில் பலன் இன்னும் கூடுதல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் தெருவில் நடந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊரில் ரோடு வந்தது, தலித் மக்கள் இருக்கிற காலனிக்கு வரவில்லை. அந்தத் திட்டத்தில் ஒரு குடியிருப்பு ஏற்கெனவே சாலை இருக்கிற இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருந்தால் அது இணைக்கப்பட்டதாகவே கணக்கு. காகிதத்தில் அரை கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை. தலையில் கூடையோடு, ஊர்த் தெரு வழியாக, விடிவதற்கு முன்னால் நடக்கிற காலனிப் பெண்ணுக்கு அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், என்னோடு படித்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த வழிக்குத் தெருவிளக்கு வந்த பிறகுதான் அவர்களில் சிலர் கம்பெனி பஸ்ஸுக்கே வந்தார்கள்.

“எங்க பாட்டி ரோடே இல்லாம சந்தைக்கு நடந்து போய் வித்துட்டு வந்தாங்க” என்று ஒருவர் கண்டிப்பாக வந்து எழுதுவார். நடந்தார்கள், உண்மை. வழியில் போன நேரத்துக்கு அவர்களுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது குவாரியில் வேலை செய்தவர்களும் கூலிக்குப் போனவர்களும் ஆயிரக்கணக்கில் வந்து கற்றுக்கொண்டார்களே, நடப்பது அவ்வளவு சுகமாக இருந்திருந்தால் எதற்கு வந்திருப்பார்கள்?

இலவச பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 மே 8-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அதை ‘ஓசி’ என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கம் நான் கீரை வாங்குகிற அக்கா பொன்னேரி தாண்டி உள்ளே ஒரு ஊரிலிருந்து வருகிறார். ரயில் செலவு பெரிதில்லை. அவர் ஊரிலிருந்து பொன்னேரி வர அந்த நேரத்துக்கு பஸ் இல்லை, ஷேர் ஆட்டோதான். ஆளுக்கு ஒரு காசு, கட்டுக்கு ஒரு காசு. “லாபத்துல பாதி ஆட்டோக்காரனுக்குத்தாம்மா” என்பார். பஸ் போகாத ஊரில் இலவச டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1997-லேயே மினிபஸ் கொண்டுவந்தது இந்த மாதிரி ஊர்களுக்காகத்தான்.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ரோடு அகலமாக இருந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் எங்கள் எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வந்து பாருங்கள். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டியில் போகிற பெண் டிரைவர் கண்ணுக்கே தெரியமாட்டாள். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, நல்ல விஷயம், என் மகள் அதில்தான் போகிறாள். ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் பிளாட்பாரம் உடைந்து கிடக்கிறது, விளக்கு பாதி எரிவதில்லை. ஊரின் சரக்கெல்லாம் எங்கள் தெரு வழியாகப் போகலாம், எங்கள் பிள்ளைகள் நடக்க மட்டும் இடம் கிடையாது. வடசென்னை என்றால் இப்படித்தான் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

சரி, உங்கள் ஊருக்கு வருகிறேன். ரோடு வந்துவிட்டது என்றால் அடுத்த கிராம சபையில் (ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும்) பஸ் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ‘பஸ் வசதி வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தக் கம்பெனியில், எந்த மார்க்கெட்டில், எத்தனை பெண்கள் வேலை பார்க்கிறார்கள், வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, எத்தனை மணிக்கு மெயின் ரோட்டில் வந்து இறங்குகிறார்கள் என்று எழுதுங்கள். பஸ் திரும்ப இடம் எங்கே இருக்கிறது என்று சர்வே எண்ணோடு குறிப்பிடுங்கள், அந்தச் சாக்கு முதலிலேயே அடிபட்டுவிடும். மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கும் காலனிக்குப் போகிற வழிக்கும் விளக்கு கேட்பதை அதே மனுவில் சேர்த்துவிடுங்கள், தனியாகக் கொடுத்தால் தள்ளிப்போகும். கையெழுத்து வாங்கும்போது வீட்டில் இருக்கிற ஆம்பளையிடம் வாங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். வேலைக்குப் போகிறவளிடமும், போக முடியாமல் நின்றுவிட்டவளிடமும் வாங்குங்கள்.