ஏற்காடு பள்ளியில் பி.எட். பயிற்சி: ‘நேர்மை’ பாடத்தில் வகுப்பே மௌனம்

பி.எட். பயிற்சிக்காக ஏற்காடு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ‘நேர்மை’ பாடம் எடுத்தபோது, “நேர்மை என்றால் என்ன?” என்று கேட்டதும் வகுப்பே மௌனமாகிவிட்டது என்கிறீர்கள். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் எதிர்பார்க்கும் விடை முன்பே தெரியும். அதனால்தான் மௌனம்; வாய் திறந்தாலும் “உண்மை பேசணும்” என்பதோடு சரி.

பதிலாக ஒரு சிக்கல் கொடுங்கள்: சேலம் பஸ்ஸில் கண்டக்டர் பத்து ரூபாய் கூடுதலாகச் சில்லறை தந்துவிட்டார், இறங்கிய பிறகுதான் தெரிகிறது. என்ன செய்வாய்? பெயரில்லாத துண்டுச்சீட்டில் 2 நிமிடம் எழுதட்டும். சீட்டுகளைக் கலைத்து நீங்களே வாசியுங்கள். சண்டை தானாகத் தொடங்கும், அதுதான் பாடம்.

கேள்வி கேட்டபின் எத்தனை நொடி பொறுக்கிறீர்கள் என்று சக பயிற்சி ஆசிரியரை எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வில் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். 3 நொடியைத் தாண்டியதும் விடைகள் நீண்டன.

காப்பித் தோட்டத்து எடை, கூலி பற்றிய உதாரணம் மட்டும் வேண்டாம். அங்கே வேலை செய்யும் அப்பா அம்மாவை விசாரிப்பதாகப் பிள்ளைகளுக்குப் படும்.