காங்கேயம் மாட்டில் ‘காரி’ எது? கேள்வி பதில்

கே: காரி என்றால் முழுக் கறுப்பா?

ப: இல்லை. காங்கேயம் காளைக்கு அடிநிறம் சாம்பல். தலை, கழுத்து, திமில், முன்னங்கால் சப்பை, பின்தொடை இங்கெல்லாம் கருமை அடர்ந்திருந்தால் காரி. கருமை குறைந்து சாம்பல் ஓங்கினால் மயிலை. விலாவில் மயிரை விலக்கிப் பாருங்கள், கறுப்பும் வெள்ளையும் கலந்தே நிற்கும்.

கே: சங்க நூலான சிறுபாணாற்றுப்படை சொல்லும் ‘காரிக் குதிரை’ கறுப்புக் குதிரைதானே?

ப: ஆமாம். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவலில் வரும் காரியும் கரிய ஏறுதான். சந்தைப் பேச்சு அந்தச் சொல்லைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டது.

கே: அப்படியானால் சந்தைக்காரர்கள் சொல்வது தப்பு. கறுப்பாக இல்லாததைக் காரி என்று விற்கலாமா?

ப: தப்பென்று சொல்ல மாட்டேன். கொங்கு வட்டாரத்தில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே பொருளில்தான் பேசுகிறார்கள். வெளியூரிலிருந்து போனில் விலை பேசுகிறவர்தான் ஏமாறுகிறார். கறுப்பே வேண்டுமென்றால் ‘முழுக் கறுப்பு’ என்று சொல்லி, பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோ கேளுங்கள். ஈரத்தில் மயிலையும் காரி மாதிரி தெரியும்.

கே: கன்று செவலையாகப் பிறந்திருக்கிறது. கலப்பா?

ப: காங்கேயம் கன்று பெரும்பாலும் செவலையாகத்தான் பிறக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பலாகும். அதற்கு முன் நிறத்துக்காக விலை கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கே: காயடித்த பிறகு காரி வெளுத்துவிட்டது. நோயா?

ப: நோயில்லை. திமிலிலும் சப்பையிலும் அந்தக் கருமையை ஏற்றுவது ஆண் ஹார்மோன். விதை போனால் பழைய மயிர் உதிர்ந்து சாம்பல் மயிர் முளைக்கும். பசுக்கள் பெரும்பாலும் வெள்ளை, சாம்பலாக இருப்பதும் இதனால்தான். காரி நிறம் நிலைக்க வேண்டுமென்றால் காயடிக்காமல் பொலிகாளையாகவே (இனப்பெருக்கத்துக்கான காளை) வையுங்கள்.

கே: காயடிக்காத காளைதான், ஆனால் கருமை செம்பட்டையாகிறது.

ப: இதைக் கவனிக்க வேண்டும். முதுகில் மட்டும் என்றால் வெயில். கண்ணைச் சுற்றி வளையமாக வெளுத்தால் தாமிரச் சத்துக் குறைவைச் சந்தேகியுங்கள். வளர்ந்த மாட்டுக்குத் தாது உப்புக் கலவை தினம் 30 முதல் 50 கிராம் தீவனத்தில் கலந்து கொடுங்கள். தாமிரத்தைத் தனியாக வாங்கிப் போடாதீர்கள், மிஞ்சினால் ஈரல் கெடும். கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

கே: நாலு மாதக் கன்று, இன்னும் செவலை. காரி ஆகுமா?

ப: மேலே சொல்லியாயிற்று. ஆறு மாதம் ஆகட்டும்.

கே: காரியில் எந்தச் சுழி (மயிர்ச் சுழல்) ராசி?

ப: சுழி என் துறை இல்லை. பல்லையும் குளம்பையும் பாருங்கள்.