பழைய வெள்ளி அடைப்பை எடுத்துவிட்டுப் பல் நிறத்தில் அடைக்கலாமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டில் 15 வருட வெள்ளி அடைப்பு இருக்கிறது. வலி இல்லை, ஆனால் சிரித்தால் கறுப்பாகத் தெரிகிறது. பாதரசம் ஆபத்து என்கிறார்கள். காரைக்குடியிலேயே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: பாதரசப் பயம் ஒன்றுக்காக என்றால் வேண்டாம். அந்த அடைப்பில் ஏறக்குறையப் பாதி பாதரசம்தான். ஆனால் வெள்ளி, வெள்ளீயம், செம்போடு சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. குடைந்து எடுக்கும்போதுதான் ஆவி கூடுதலாகக் கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியம்கூட 2025 முதல் புதிதாக அடைப்பதைத்தான் நிறுத்தியது, இருப்பதைத் தோண்டச் சொல்லவில்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது.

ஓரம் உடைந்திருந்தாலோ, எக்ஸ்ரேயில் அடியில் சொத்தை தெரிந்தாலோ மாற்றத்தான் வேண்டும். கடித்துவிட்டுப் பல்லை எடுக்கும்போது சுருக்கென்றால் பல்லில் விரிசல் இருக்கலாம், வெறும் அடைப்பு போதாது.

போகிற இடத்தில் ‘ரப்பர் டேம் போடுவீர்களா?’ என்று முதலில் கேளுங்கள். பல்லைச் சுற்றி இழுத்துக் கட்டும் ரப்பர் தாள் அது. பழைய அடைப்பின் துகள் தொண்டைக்குப் போகாது. அதைவிட முக்கியம், எச்சில் அண்டாது. பல் நிறத்தில் அடைக்கும் பொருளான காம்போசிட், எச்சில் பட்ட இடத்தில் சரியாக ஒட்டாது. பழையதை மாவாக அரைக்காமல், தண்ணீர் பீய்ச்சியபடி துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டும். பிறகு ஆசிட் ஜெல் 15 வினாடி, கழுவி பாண்டிங் எனும் ஒட்டுப்பசை, அதன்மேல் 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒவ்வோர் அடுக்காக வைத்து, அடுக்குக்கு 20 வினாடி வரை நீல ஒளி. இறுகும்போது காம்போசிட் சுருங்கும். மொத்தமாக அப்பினால் ஓரத்தில் இடைவெளி விழுந்து கூச்சம் வரும். இரண்டு பல்லையும் 15 நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் யோசியுங்கள்.

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; அதிலுள்ள யூஜினால் காம்போசிட்டை இறுகவிடாது.

அடைப்பு பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். அங்கே பல்லைச் சுற்றி வைக்கும் பட்டையும் பல்லிடுக்கில் செருகும் ஆப்பும் சரியாக வைக்காவிட்டால் சந்து விழும். சீப்பு சீடைத் துணுக்கும் சுக்கா நாரும் தினம் அங்கேயே போய் அடையும், ஈறு வீங்கும். எழுந்து வருவதற்கு முன் பல் நூலை விட்டுப் பாருங்கள், டக்கென்று இறுக்கமாக இறங்க வேண்டும்.

பழைய உலோகக் கறை பல்லுக்குள்ளேயே ஊறியிருந்தால், மாற்றிய பிறகும் லேசாகச் சாம்பல் நிறம் தெரியும். பல்லில் பாதிக்கு மேல் அடைப்பாகவே இருந்தால் கடிக்கும் மேல்பகுதியை மூடும் ஆன்லே அல்லது முழுப் பல்லையும் மூடும் கேப்தான் தாங்கும். செலவு குறைவு என்று கண்ணாடி அயனோமர் சிமெண்டைக் கடைவாயில் வைத்தால் சீக்கிரம் தேயும். வெற்றிலை போடுபவர்களுக்குக் காம்போசிட்டின் நிறமும் நிற்காது.

மரத்துப்போன வாயில் அடைப்பின் உயரம் தெரியாது. எங்கே இடிக்கிறது என்று பார்க்க நீலத் தாளைக் கடிக்கச் சொல்லும்போது சரி என்றுதான் தோன்றும். மறுநாள் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடித்தால், பழகிவிடும் என்று விடாமல் போய்த் தேய்த்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.