கேள்வி பதில்: மூணாம் நாளே விழுந்துட்டேன்!

கேள்வி: ஐயா, லெந்து நாள்ல (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) போன்ல கண்டதையும் பாக்க மாட்டேன்னு கடவுள்கிட்ட பொருத்தனை (நேர்ந்துக்கிட்ட வாக்கு) பண்ணேன், மூணாம் நாளே விழுந்துட்டேன். பிசாசு விடமாட்டேங்குதே?

பதில்: தம்பி, சோதனை வர்றதே பாவம் இல்ல, இயேசுவுக்கே 40 நாள் உபவாசம் இருந்து பசிச்சப்போதான் வந்துச்சு, அதுவும் கல்லை அப்பமாக்குன்னு. பிசாசு பைபிள்ல இருக்குற 91-ம் சங்கீதத்தையே எடுத்து வசனம் பேசுச்சு பாருங்க! இயேசு வளவளன்னு பேசல, சோதனை வந்த மூணு தடவையும் பைபிள்ல உபாகமம்ங்கிற புத்தகத்துல இருந்து ஒரு வசனம், அவ்ளோதான். நீங்க ராத்திரி 12 மணிக்கு போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டு பிசாசை அதட்டினா எப்படி? சார்ஜரை ஹால்ல மாட்டுங்க. யோசேப்பு, எஜமான் போத்திபாரோட மனைவி தப்புக்கு கூப்பிட்டப்போ, அந்த வீட்டுல நின்னு ஜெபம் பண்ணல, வஸ்திரத்தை விட்டுட்டு ஓடினான். அப்புறம் யாக்கோபு 4:7-ல "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" மட்டும்தான் நமக்கு மனப்பாடம், அதுக்கு முன்னாடியே "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்"னு இருக்கு.