90 ஜிபியை இறக்கி வைத்துவிட்டேன், உள்ளே போகட்டுமா?

வணக்கம்ங்க மேடம்,

எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். கல்யாணமாகி ஏழு வருஷம், எல்கேஜி போகும் ஒரு பாப்பா இருக்கிறாள். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் கேட்கப்போகும் விஷயத்தை யாரிடம் சொன்னாலும் ஒன்று "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று சிரிக்கிறார்கள், இல்லாவிட்டால் குடிகாரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

2020 லாக்டவுனில் கம்பெனி மூடிக் கிடந்தபோது கல்லூரி நண்பன் ஒருவன் ஒரு ஆன்லைன் கேமில் சேர்த்துவிட்டான். பெயர் வேண்டாம். மாதச் சந்தா கட்டி விளையாடும் ரோல்பிளேயிங் கேம், நம் பணத்துக்கு மாதம் ஆயிரத்து இருநூறு சொச்சம். பப்ஜி மாதிரி அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடிகிற சமாச்சாரம் இல்லைங்க இது. ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி வருஷக்கணக்கில் வளர்க்க வேண்டும். வளர்ந்த பிறகு கில்டில், அதாவது சேர்ந்து விளையாடும் எங்கள் குழுவில், இருபது பேர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை அடிக்க ரெய்டு போவோம். அதில் நான் டேங்க், அதாவது பாஸ் என்கிற அந்தப் பெரிய எதிரி அடிக்கிற அடியை எல்லாம் முன்னால் நின்று வாங்கிக்கொள்கிறவன். அடிக்கிற ஆட்கள் பதினாலு பேர், அதில் ஒருத்தர் குறைந்தால் வெளியிலிருந்து ஒருவரைப் பிடித்துக்கொள்ளலாம். டேங்க் இரண்டே பேர். நான் போகவில்லை என்றால் பெரும்பாலும் அன்றைக்கு ரெய்டே இல்லை.

சர்வர் ஐரோப்பாவில். புதன், ஞாயிறு ரெய்டு. அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால் நமக்கு நடுராத்திரி பன்னிரண்டரை. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவதால் பதினொன்றரை, அது கொஞ்சம் பரவாயில்லை. முடிக்கும்போது மூன்றரை, நான்கு ஆகிவிடும். காலை ஒன்பது மணிக்கு நான் கம்பெனியில் இருக்க வேண்டும். கில்டை நடத்துகிறவர் ஜெர்மனிக்காரர், ரிடையர் ஆன வாத்தியார். போலந்தில் லாரி ஓட்டுகிற ஒருத்தர், போர்ச்சுகலில் ஒரு நர்ஸ் அக்கா. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் அந்த வாத்தியார் கேமராவைப் போட்டு, போட்டிருந்த டி-ஷர்ட் காலரை மடித்து லேபிளைக் காட்டினார். மேட் இன் இந்தியா. திருப்பூராகத்தான் இருக்கும்.

2024 ஜனவரியில் ஒரு ராத்திரி. ரெய்டு நடுவில், கடைசி பாஸ், ஹெட்செட் மாட்டியிருந்தேன், போன் சைலண்டில். அம்மா பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் என் மனைவி போனுக்கு அடித்து, அவள் எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையைத் தூக்கி "ரெண்டு நிமிஷம்" என்றேன். அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு "அப்புச்சி போயிட்டாருங்க" என்றாள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டின அப்புச்சி, அம்மாவின் அப்பா.

அந்த வாரமே சந்தாவை நிறுத்திவிட்டேன். நிறுத்துவதற்கு முன்னால் மொத்தம் எவ்வளவு நேரம் விளையாடியிருக்கிறேன் என்று அதிலேயே பார்த்தேன், 141 நாள் காட்டியது. இரண்டு வருஷம் தொடவில்லை. போன மாதம் அந்த வாத்தியாரிடமிருந்து மெசேஜ்: கேமில் எக்ஸ்பான்ஷன் என்கிற புதுப் பகுதி வருகிறது, ஒரு டேங்க் இடம் காலி, உனக்காக வைத்திருக்கிறோம் என்று. அன்றிலிருந்து வேலை ஓடவில்லை. இப்போது எனக்குப் பக்குவம் வந்துவிட்டது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று கட்டுப்பாடாக இருக்க முடியும் என்று நினைக்கிறேன். போன வாரம் ராத்திரி 90 ஜிபியையும் டவுன்லோடு போட்டுவிட்டேன். "ஏனுங்க, நெட்டு ஏன் இப்படிச் சுத்துது" என்று மனைவி கேட்டாள். கம்பெனி லேப்டாப்பில் ஏதோ அப்டேட் ஓடுகிறது என்றேன். இன்னும் பணம் கட்டவில்லை. போகலாமா, கூடாதா? நான் அடிமையா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள் மேடம்.

திருப்பூர் வாசகர்

* * *

தம்பி, நேராகவே சொல்கிறேன். இந்த மாதம் போக வேண்டாம். டேங்காக எப்போதுமே வேண்டாம். ஆனால் நீங்கள் பயப்படுகிற காரணத்துக்காக இல்லை.

முதலில் அந்த அடிமை என்ற சொல்லை எடுத்து ஓரமாக வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருப்பது உண்மை, 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு அதற்கே முதலிடம் கொடுப்பது, கெடுதல் வருவது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, இந்த மூன்றும் பொதுவாக 12 மாதமாவது நீடித்து, வீடு, வேலை, படிப்பு என்று வாழ்க்கையைப் பலமாகப் பாதித்தால்தான் அந்தப் பெயர். நீங்கள் யாரும் சொல்லாமலே தானாக நிறுத்தினீர்கள், இரண்டு வருஷம் தொடாமல் இருந்தீர்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் நான் நோய்ப் பெயர் ஒட்டுவதில்லை, உங்களுக்கு ஒட்ட இப்போதைக்குக் காரணமும் தெரியவில்லை. 141 நாள் என்றால் 3,384 மணி நேரம், எட்டு மணி நேர ஷிப்டாகப் பார்த்தால் 423 ஷிப்ட். பெரிய கணக்குத்தான். ஆனால் அதே மூன்றரை வருஷத்தில் தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ரீல்ஸ் பார்த்தவர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை, அவர்களுக்கு மொத்தக் கணக்கைக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் தொந்தரவில் பாதி விளையாட்டே இல்லை, நேர வித்தியாசம். ஜெர்மனிக்காரர் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு உட்காருகிறார், பதினொன்றரைக்குப் போய்ப் படுக்கிறார். அவருக்கு அது பொழுதுபோக்கு. நீங்கள் பகலில் மெர்ச்சண்டைசர் வேலையை முடித்துவிட்டு, அவருடைய பொழுதுபோக்குக்கு நைட் ஷிப்ட் பார்த்தீர்கள். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு அரை ஷிப்டுக்கும் கூலி உண்டு. நீங்களோ மாதம் ஆயிரத்து இருநூறு கொடுத்தீர்கள். "வாரத்தில் இரண்டு நாள் மட்டும்" என்று இப்போது சொல்கிறீர்கள் அல்லவா, முன்பு எத்தனை நாள்? புதன், ஞாயிறு. அதே இரண்டு நாள்தான் தம்பி. பழைய ஏற்பாட்டையே எடுத்து அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

ஒரு சின்ன சோதனை. ஆஸ்திரேலியாவில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு மதியம் இரண்டரை, மூன்றரை. அந்தப் பக்கத்து ஆட்கள் விளையாடும் சர்வரில் புதிதாகச் சேர்ந்து, ஞாயிறு மதியம் பாப்பா தூங்கும்போது விளையாடலாம், தூக்கம் கெடாது. இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது? "அங்கே எனக்கு யாரையும் தெரியாதே" என்று தோன்றியிருந்தால், உங்களை இழுப்பது கேம் இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். போலந்து லாரிக்காரர், போர்ச்சுகல் நர்ஸ், ஜெர்மன் வாத்தியார், அவர் மடித்துக் காட்டிய காலர்வரைக்கும் இருக்கிறது. உங்கள் கம்பெனியில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் யார் என்று ஒரு வரி இல்லை. பையர் ஒரு பக்கம், டையிங் ஒரு பக்கம், லேப் டிப் என்கிற சாய மாதிரிக்கு அப்ரூவல் வரவில்லை என்று கட்டிங் ஒரு பக்கம் கத்த, எல்லா அடியையும் நடுவில் நின்று வாங்குவதுதானே உங்கள் வேலை? பகலிலும் நீங்கள் டேங்க்தான். ஷிப்மென்ட் நேரத்துக்குப் போய்விட்டால் யாரும் கவனிப்பதில்லை, தவறினால் மட்டும் உங்கள் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ராத்திரி அதே வேலையைச் செய்தீர்கள், அங்கே பத்தொன்பது பேர் நன்றி சொன்னார்கள். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. அப்படி ஒரு இடம் கிடைத்தால் எனக்கும் போகத் தோன்றும்.

அதனால்தான் இந்த வகை விளையாட்டு மற்றதைவிடப் பலமாகப் பிடிக்கிறது. விளையாட்டில் அரிய பொருள் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. பரிசு எப்போதாவது, எதிர்பாராமல் வந்தால்தான் பழக்கம் லேசில் விடாது என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். 1999இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற இதே வகை கேமை அதை ஆடினவர்களே போதைப் பொருளின் பெயர் சேர்த்து எவர்கிராக் என்று கிண்டல் செய்தார்கள். 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில், உங்கள் கதாபாத்திரத்தைச் சத்திரத்தில் படுக்கவைத்துவிட்டு நீங்கள் வெளியே போனால், திரும்பி வந்து எதிரிகளைக் கொல்லும்போது கொஞ்ச காலத்துக்கு அனுபவப் புள்ளி இரட்டிப்பாகும். வராமல் இருந்ததற்கும் ஒரு வரவேற்பு! சந்தா வேறு, கட்டிய காசுக்கு விளையாடாவிட்டால் நஷ்டம் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். கில்டு என்பது மொய் மாதிரி. உங்களுக்கு வாள் கிடைக்க அவர்கள் பத்து ராத்திரி விழித்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கவசம் கிடைக்க நீங்கள் விழிக்கவில்லை என்றால் அது முறையில்லை என்று நம் ஊர் ஆளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டேங்க் இடத்தை உங்களுக்காக வைத்திருக்கிறோம் என்று வாத்தியார் எழுதினது அன்பினால்தான். உங்கள் நோட்டில் அது மொய்யாக ஏறிவிட்டது.

சரி, என்ன செய்வது? வாத்தியாரைக் கூப்பிடுங்கள். கேமுக்குள் போகாமல், சும்மா போனில். அவர்களோடு பேசுவதற்கு மாதம் ஆயிரத்து இருநூறு கட்ட வேண்டியதில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அடித்தால் அங்கே மதியம். "டேங்க் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள், ஆனால் உங்களிடம் பேச ஆசையாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். ஒரு மாதம் அப்படிப் பேசிப் பாருங்கள். அந்த ஒரு மாதத்திலேயே கேம் ஆசை பாதியாகக் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறையாதவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு மாதம், ரெய்டில் எந்தப் பொறுப்பும் இல்லாமல், ராத்திரி பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்கிற மாதிரி, மனைவிக்குத் தெரிந்து போங்கள். இப்போதே ராத்திரி தூக்கம் வரவில்லை, எரிச்சலாக வருகிறது, வேலையில் கவனம் நிற்கவே இல்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள், அரசு உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

இனி கடினமான விஷயம். அப்புச்சி இறந்த ராத்திரியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டீர்கள், அந்த வாரமே சந்தாவை வெட்டினீர்கள். ஆனால் அன்றைக்கு நீங்கள் கையைத் தூக்கி நிறுத்தினது உங்கள் மனைவியை. அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இரண்டு வருஷமாக நீங்கள் விளையாடாமல் இருந்ததையே மன்னிப்பு என்று நினைத்திருக்கலாம். அவருக்கு அது அப்படித் தெரிந்திருக்காது. அவரைப் பொறுத்தவரை ஒரு நாள் மெஷினை அணைத்தீர்கள், ஏன் என்று பேசவே இல்லை. கடிதத்தில் அவர் வருவது இரண்டே இடத்தில், ஒன்றில் உங்களுக்குத் துக்கச் செய்தி சொல்கிறார், இன்னொன்றில் நீங்கள் அவரிடம் பொய் சொல்கிறீர்கள். இந்தப் பொய்தான் எனக்கு அந்த 141 நாளைவிடக் கவலையாக இருக்கிறது. நாலு வருஷம் முன்னால் நீங்கள் விளையாடினது வீட்டுக்கே தெரியும். ஒளித்துச் செய்கிற வேலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, அதுவும் இன்னும் ஒரு ரூபாய்கூடக் கட்டாத நிலையில்.

எங்கள் அப்பா மஞ்சள் மண்டிக்குப் போய்விட்டு வரும் வழியில் சாவடியில் சீட்டாட உட்கார்ந்துவிடுவார். அம்மா அதற்குச் சண்டை போட்டதே இல்லை. மண்டியில் கூட்டம், அதான் நேரமாகிவிட்டது என்று அவர் சொல்லும் நாட்களில் மட்டும் சோறு போட்டுவிட்டு எதுவும் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வார். அதை நாங்கள் பிள்ளைகள் எல்லாருமே கவனித்திருக்கிறோம். உங்கள் பாப்பாவுக்கும் கவனிக்கிற வயதுதான்.

இறக்கி வைத்த 90 ஜிபியை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். அழித்தால் இன்னொரு நாள் அதே ராத்திரி விழித்து மறுபடியும் இறக்குவீர்கள். அது அங்கேயே கிடக்கட்டும். இன்றைக்குப் பாப்பா தூங்கின பிறகு, அன்றைக்கு நெட் ஏன் சுற்றிக்கொண்டிருந்தது என்று அம்மிணியிடம் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.